அழைக்க முடியாத பெயர்

1

சிவமயம்

ஆரியசாலை, திருவனந்தபுரம்
1936 ஜூன் 21

சௌபாக்கியவதி மங்கலத்துக்கு மாமா எழுதுவது. இங்கே நான் நலம். மழை பிடித்துவிட்டதால் முழங்கால் மட்டும் என் சொல்லைக் கேட்பதில்லை. உன் நலமும் உன் தாய் தந்தையர் நலமும் அறிய ஆவல்.

பிறக்கப்போகும் குழந்தைக்குப் பெயர் யோசித்து அனுப்பும்படி கேட்டிருந்தாய். எழுத உட்கார்ந்தால் வழிதவறிப் போகிறவன் நான். ஆகையால் எழுதப்போவதை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. அதிகம் வழங்காத சில பெயர்கள். அவற்றின் பொருள், பிறந்த இடம்.
2. அவற்றுள் எனக்குத் தகுந்தவையாகத் தோன்றுபவை.
3. என் பெயரை வைக்கக் கூடாது என்பதற்கு மூன்று காரணங்கள்.
4. உன் உடம்பைப் பற்றி.

முதலாவது. முப்பத்தொரு வருஷம் தமிழ் முன்ஷியாக இருந்து காலைதோறும் ஹாஜர் கூப்பிட்டவன் நான். கேள்விப்படாத பெயர் ஒன்று ஹாஜர்ப் புத்தகத்தில் வந்தால் அன்று மாலையே ஒரு நோட்டில் குறித்துவைப்பேன். தகப்பனாரைச் சாலைக் கடைத்தெருவில் கண்டால் பொருள் கேட்பேன். பலர் சிரித்துவிட்டுப் போவார்கள். இப்போது நோட்டில் நானூற்றுப் பதினேழு பெயர்கள் இருக்கின்றன. சில பிழையாகவும் இருக்கலாம்.

தாணுமாலயன்: சுசீந்திரத்து மூர்த்தி. தாணு சிவன், மால் திருமால், அயன் பிரமன். மூவரையும் ஒரே மூச்சில் கூப்பிட்டுவிடலாம். வேய்முத்து: வேய் என்றால் மூங்கில். திருநெல்வேலிச் சுவாமி மூங்கில் காட்டில் தோன்றியவர் என்பதால் வந்தது. பலவேசம்: பல வேஷம் கொண்ட சாமி. 1911-இல் இந்தப் பெயரில் எனக்கு ஒரு மாணவன் இருந்தான். வாரம் ஒரு காரணம் சொல்லி லீவு எடுப்பான். பெயரைக் குறை சொல்ல முடியாது. பெண்ணானால் குழல்வாய்மொழி, குற்றாலத்து அம்பாள். குழலோசை போன்ற பேச்சு உடையவள். அல்லது உலகம்மை, உங்கள் பாபநாசத்து அம்பாள்.

இரண்டாவது. ஆணுக்குத் தாணுமாலயன், பெண்ணுக்குக் குழல்வாய்மொழி. இதைவிட நல்லது உங்களுக்குத் தோன்றினால் அதுவே சரி.

மூன்றாவது. தலைமகனுக்குத் தகப்பன்வழித் தாத்தா பெயர் என்பது நம் வழக்கம். என் தகப்பனார் பெயரைத்தான் உன் புருஷனுக்குக் குற்றாலலிங்கம் என்று வைத்தேன். ஆயினும் என் பெயர் வேண்டாம்.

(அ) எனக்கு முன் என் தாய்க்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. நான் பிறந்ததும் ஏழு வீட்டில் மடியேந்தி அரிசி வாங்கிக் கஞ்சி காய்ச்சி என் உதட்டில் ஒரு துளி வைத்து இந்தப் பெயரை இட்டாளாம். பிச்சையாக வந்த பண்டம் நமக்கு எதற்கு என்று யமன் விட்டுவிட வேண்டுமாம். மூக்கும் குத்தினாள், துவாரம் இன்னும் இருக்கிறது. யமன் விட்டான். மாணவர்கள் விடவில்லை. நான் பலகைப் பக்கம் திரும்பினால் பின்னால் கையேந்திக் காட்டுவார்கள்.

(ஆ) உன் தந்தையார் பெயர் எங்கே, என் பெயர் எங்கே. அழகியநம்பி என்பது திருக்குறுங்குடிப் பெருமாளின் திருநாமம். கல்யாணப் பத்திரிகையில் இரண்டும் அடுத்தடுத்து அச்சானபோதே அது எனக்குத் தெரிந்தது.

(இ) மருமகள் மாமனார் பெயரைச் சொல்லலாகாது. என் பெயரை இட்டால் உன் பிள்ளையை நீயே கூப்பிட முடியாது. கடித மேல்விலாசத்தில்கூட நீ ‘ஓய்வுபெற்ற தமிழ் முன்ஷி அவர்கள்’ என்றுதானே எழுதுகிறாய்? தபால்காரர் எப்படியோ கொண்டுவந்து சேர்க்கிறார். உன் அத்தை முப்பத்தெட்டு வருஷம் என்னோடு வாழ்ந்தும் ஒரு நாளும் என் பெயரைச் சொன்னதில்லை. அழைக்க முடியாத பெயர் யாருக்கும் பயன்படாது.

நான்காவது. போன வருஷத்து விஷயத்தை நான் எழுதவில்லை. நீயும் நினைக்காதே. வேளைக்குச் சாப்பிடு.

எல்லாரையும் கேட்டதாகச் சொல்லவும்.

கு.பி.

2

அம்பாசமுத்திரம்
1936 ஜூலை 2

மாமா அவர்களுக்கு மங்கலம் வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். தங்கள் முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறீர்களா என்று எழுதவும்.

கடிதத்தைக் கூடத்தில் வைத்து வாசித்தேன். பலவேசம் வந்ததும் அப்பா சிரித்த சிரிப்பில் மண்டியிலிருந்து ஆள் ஓடிவந்துவிட்டான். “அண்ணாச்சி படிப்பு ஒரு கடல்லா. நமக்கு நெல்லுமூடை எண்ணத்தான் தெரியும்” என்றார்கள்.

பெயர்களை எல்லாம் தனித்தாளில் எழுதிக்கொண்டேன். மூன்றாம் குறிப்பை மூன்று தடவை படித்தேன். அதற்கு இப்போது பதில் எழுதவில்லை.

ஈரத்தில் நடக்காமல் இருக்கவும்.

மங்கலம்

3

அம்பாசமுத்திரம்
1936 ஆகஸ்டு 2

மேன்மை தங்கிய சம்பந்தி அண்ணாச்சி அவர்களுக்கு அழகியநம்பி எழுதிக்கொண்டது. நேற்று விடியற்காலம் நாலேகாலுக்கு உங்களுக்குப் பேரன் பிறந்திருக்கிறான். தாயும் பிள்ளையும் சுகம். பையன் அழுத சத்தம் ஆற்றங்கரை வரைக்கும் கேட்டது என்று மண்டி ஆட்கள் சொல்கிறார்கள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள்.

பதினாறாம் நாள் பெயரிடுகிறோம். நீங்கள் வந்து மணையில் உட்கார்ந்தால்தான் எனக்குப் பெருமை. ஸ்டேஷனுக்கு வண்டி அனுப்புகிறேன். மறுமொழி சொல்லக் கூடாது.

அழகியநம்பி

4

ஆரியசாலை
1936 ஆகஸ்டு 9

மகா-ஸ்ரீ சம்பந்தி அவர்களுக்கு. நற்செய்தி கிடைத்து அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. பழவங்காடிக்குப் போய்ப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன். திரும்புகிற வழியில் பாசிபிடித்த படியில் கால் வழுக்கி விழுந்துவிட்டேன். கணுக்கால் பிசகியிருக்கிறது. கட்டு வைத்தியர் ஐயப்பன் முறிவெண்ணெய் போட்டுக் கட்டி, நாற்பத்தொரு நாள் படி இறங்கக் கூடாது என்கிறார். பக்கத்து வீட்டு ஓமனா கஞ்சி கொண்டுவந்து தருகிறாள்.

ஆகையால் நான் வர இயலாது. நீங்களே முன்னின்று நடத்துவீர்கள் என்பதில் ஐயமில்லை. எதையும் சிறப்பாக நடத்தக்கூடியவர்கள் நீங்கள்.

குழந்தைக்குப் பால் புகட்ட ஒரு வெள்ளிப் பாலாடை தனிப் பார்சலில் வருகிறது. பிடியில் பெயர் பொறிக்க இடம் விடச் சொல்லியிருக்கிறேன்.

கு.பி.

5

போனக்காடு
1936 ஆகஸ்டு 25

அப்பா அவர்களுக்குக் குற்றாலலிங்கம் நமஸ்காரம். தங்கள் கால் எப்படி இருக்கிறது? இங்கே பத்து நாளாக வெயில் முகம் பார்க்கவில்லை. தேயிலைத் தோட்டத்து ஆபீசுக்குப் போய்ச் சேருவதற்குள் காலில் நாலு அட்டை. பாதை இடிந்ததால் இந்த அஞ்சலும் தாமதமாக வரலாம்.

லீவு மூன்று நாள்தான் கிடைத்தது. குழந்தை நன்றாக இருக்கிறான். பெயர் விஷயத்தில் தாங்கள் விளக்கமாக எழுதியிருந்தும் அதன்படி நடக்க முடியவில்லை. மங்கலம் ஒரே பிடியாக நின்றாள். மாமாவுக்கும் உள்ளூர மகிழ்ச்சிதான்; வெளியில் மட்டும் ‘அண்ணாச்சி என்ன நினைப்பார்களோ’ என்கிறார்கள். என்ன பெயர் என்று நான் எழுதித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

குளிருக்குப் போர்த்திக்கொள்ளவும்.

குற்றாலலிங்கம்

6

ஆரியசாலை
1936 செப்டம்பர் 27

சிரஞ்சீவி குற்றாலலிங்கத்துக்கு ஆசீர்வாதம். போன வாரம் கட்டு அவிழ்த்தார்கள். கால் பழைய கால்போல இல்லை, ஆனாலும் கால்தான். உன் உடம்பைப் பார்த்துக்கொள். அட்டை கடித்த இடத்தைச் சொறியாதே.

உன் கடிதம் கிடைத்தது. எனக்குக் கோபம் இல்லை. பெயர் என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. நீ எழுதியதிலிருந்தே தெரிந்துவிட்டது.

இன்று காலை தடியூன்றி மெல்ல நடந்து பகவதிப்பெருமாள் கடைவரை போனேன். அரிசி பிடிக்க அம்பாசமுத்திரம் போய்விட்டு அவன் முந்தாநாள்தான் வந்திருக்கிறான். கடையில் நாலு பேர் இருந்தார்கள். என்னைக் கண்டதும் எல்லார் காதிலும் விழும்படி ஆரம்பித்தான்.

“முன்ஷி ஓய், உம்ம பேரனைப் பாத்துட்டுல்லா வாறேன். ராஜபோகம்! வேலைக்காரன்கூட ‘சின்னவுக எந்திரிச்சாச்சா’ன்னு கேக்கான். ரெண்டு மாசப் பிள்ளைக்கு வாங்க, போங்க!”

நான் சந்தோஷம் என்றேன்.

“பேரு என்னன்னு கேட்டா ஒருத்தரும் வாயைத் தொறக்கல. உம்ம சம்பந்திதான் மீசையைத் தடவிக்கிட்டு, ‘பெரிய ஆளு பேரு வே, அதைச் சும்மா சொல்லப்பிடாது’ன்னாரு. நீரே சொல்லும், என்ன பேரு?”

தெரியும், பிறகு சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, வாங்கப் போன மல்லியை வாங்காமலே வந்துவிட்டேன். வீட்டுப் படியில் ஓமனா. “கொச்சுமோன்றெ பேரு எந்தா, முன்ஷி சாரே?” அவளிடமும் பிறகு என்றேன். கிழக்குக் கோட்டைவரை இனி எனக்கு இந்தக் கேள்விதான் காத்திருக்கும்.

பெரிய ஆள் பெயர்தான். வேலைக்காரர்கள் எஜமான் பெயரை எப்படிச் சொல்லுவார்கள்? நான் குறை சொல்லவில்லை. இரண்டு மாடி வீடும் மண்டியும் உள்ளவர். பேசினால் நாலு பேர் நின்று கேட்பார்கள். நான் பேசினால் பையன்கள்கூடக் கேட்டதில்லை. தலைமகனுக்குத் தகப்பன்வழிப் பெயர் என்பது ஒரு பழைய வழக்கம், அவ்வளவுதான். நானே வேண்டாம் என்றும் எழுதிவிட்டேன். ஆனால் ஒரு பேச்சுக்காவது யாராவது ‘அப்படிச் சொல்லாதீர்கள்’ என்று ஒரு வரி எழுதியிருக்கலாம்.

மேலே உள்ள வரியை அடிக்க நினைத்தேன். தாள் வீணாகும் என்று விட்டுவிட்டேன். ராத்திரி கம்பளியில்லாமல் படுக்காதே.

கு.பி.

7

அம்பாசமுத்திரம்
1936 அக்டோபர் 14

மாமா அவர்களுக்கு மங்கலம் வணக்கம். கட்டு அவிழ்த்துவிட்ட செய்தி போனக்காட்டிலிருந்து தெரிந்தது. இரண்டு மாதமாக எனக்குத் தங்கள் கையெழுத்து வரவில்லை. தபால்காரர் எங்கள் வீட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் மனம் சங்கடப்படுகிறது.

உங்கள் பேரன் சுகம். குப்புறக் கவிழப் பார்க்கிறார், முடியாமல் கோபம் வருகிறது. பாலாடையைக் கண்டால் வாயைத் திறக்கிறார். பிடியில் பெயர் பொறித்தாயிற்று. தட்டான் மூன்று தடவை கேட்டும் நான் சொல்லவில்லை. அப்பாதான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். அப்பா மண்டிக்குப் புறப்படுமுன் அவரைத் தூக்கி வைத்துக்கொண்டு ஏதோ மரியாதையாகப் பேசிவிட்டுத்தான் போகிறார்கள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும்.

தை மூன்றாம் தேதி பாபநாசம் கோயிலில் சோறூட்டு. மாமா கையால் முதல் சோறு ஊட்ட வேண்டும். பெயரிட்டது தங்களுக்கு வருத்தமோ என்று போனக்காட்டிலிருந்து அவர்கள் எழுதியிருந்தார்கள். நான் நம்பவில்லை.

காலைத் தொங்கவிட்டு உட்கார வேண்டாம்.

மங்கலம்

8

ஆரியசாலை
1936 நவம்பர் 22

சௌபாக்கியவதி மங்கலத்துக்கு ஆசி. கால் குணமாகிவிட்டது. குழந்தைக்கு ஜலதோஷம் வராமல் பார்த்துக்கொள்.

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். ஐந்தாவதை அனுப்புகிறேன். குழந்தைக்கு இட்ட பெயரை மாற்ற வேண்டும். காரணங்கள்:

1. பெயர் குழந்தைக்கு உரியது. ஒரு கிழவரின் மனம் குளிர்வதற்காக இடுவது அல்ல.

2. அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு ஒருவர் நடமாடுவது குடும்பத்துக்குப் போதும்.

3. அதன் பொருள் குழந்தைக்குப் பொருந்தாது. பொருளை விரித்து எழுதினால் மரியாதையாக இராது.

பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதப் பேனா வரவில்லை. சோறூட்டும் நாளில் வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதும். நான் அனுப்பிய பெயர்களில் ஒன்றாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. மாற்றினால் வருவேன். இல்லாவிட்டால் என்னை எதிர்பார்க்க வேண்டாம்.

இதை உன் தந்தையாரும் படிக்கலாம்.

கு.பி.

9

அம்பாசமுத்திரம்
1937 ஜனவரி 4

மாமா அவர்களுக்கு மங்கலம் வணக்கத்துடன். குழந்தை சுகம். தங்கள் சுகத்தை உலகம்மை காப்பாற்ற வேண்டும்.

ஆறு வாரமாகப் பதில் எழுதாததற்கு மன்னிக்க வேண்டும். தங்கள் கடிதத்தை அப்பா படித்துவிட்டு அன்று மண்டிக்கே போகவில்லை. ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார்கள். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். “அண்ணாச்சிக்கு இவ்வளவு வருத்தம் இருக்கும்னு நெனக்கலயே, மக்கா. நாம அவுகளைச் சந்தோஷப்படுத்துததா நெனச்சு நோகடிச்சிட்டோம்.”

போன வருஷத்து விஷயத்தை நினைக்காதே என்று எழுதியிருந்தீர்கள். நினைக்காமல் இருக்க முடியவில்லை, மாமா. அந்தக் குழந்தைக்குப் பெயரிடும்வரைகூட நாள் இருக்கவில்லை. எதைச் சொல்லி அழுவது என்றே எனக்குத் தெரியவில்லை. அதனால் தங்கள் முதல் கடிதத்தைப் படித்த அன்றே முடிவு செய்துவிட்டேன்.

பதினாறாம் நாள் காலையில் ஏழு வீட்டில் மடியேந்தினேன். நம்பிப் பிள்ளை மண்டியில் மூட்டை அடுக்கியிருக்க, பச்சை உடம்புக்காரி தெருவில் அரிசி கேட்டு வருகிறாள் என்று ஊரே வாசலுக்கு வந்தது. அப்பா மண்டியை அடைத்துவிட்டு வந்தார்கள். தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஏழு வீட்டுக்கும் என் பின்னால் நடந்தார்கள். அந்த அரிசியில் கஞ்சி காய்ச்சி, தாங்கள் எழுதியிருந்தபடியே ஒரு துளி உதட்டில் வைத்தோம். மூக்கும் குத்தியிருக்கிறது.

வாய்விட்டுக் கூப்பிட முடியாது என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான். அப்பாவுக்கும் சம்பந்தி பெயரை மொட்டையாகச் சொல்ல நா எழவில்லை. அம்மை குத்த வந்தவர் பெயர் கேட்டபோது அப்பா மீசையைத் தடவுகிறார்கள், நான் தரையைப் பார்க்கிறேன். “பேரில்லாத பிள்ளையா?” என்று அவர் கோபித்துக்கொண்டார். எதிர்வீட்டு ஆச்சிதான் வந்து சொன்னாள். நாங்கள் எல்லாரும் ‘முன்ஷி’ என்று கூப்பிடுகிறோம். ‘முன்ஷி அழுதார், முன்ஷி தூங்கிவிட்டார்’ என்று தெரு முழுக்க அதுதான். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறார்.

இப்போது தாங்கள் வேண்டாம் என்கிறீர்கள். பெயர் மாறினால் எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனால் பெரியவர்கள் மனம் கசந்து சுமக்கிற பெயரும் பிள்ளைக்கு ஆகாது என்று அம்மா சொல்கிறார்கள். தை மூன்றாம் தேதி தாணுமாலயன் என்று மாற்றச் சொல்லிவிட்டோம். பாலாடை எழுத்தைத் தேய்த்து எடுத்துவிடலாம், வெள்ளி கொஞ்சம் குறையும் என்கிறார் தட்டான். அம்மை குத்திய சீட்டை எப்படித் திருத்துவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. தாங்கள் காகித வேலை தெரிந்தவர்கள் என்பதால் அதை இதனுடன் வைத்திருக்கிறேன்.

தாங்கள் வந்தால் போதும்.

மங்கலம்

(கடிதத்துடன் இருந்த சீட்டு)

பெயர்: பிச்சையா
தகப்பன்: குற்றாலலிங்கம் பிள்ளை
வயது: மூன்று மாதம்
குத்தியது: இடது கை, இரண்டு இடம்

10

தந்தி
திருவனந்தபுரம், 1937 ஜனவரி 7

அழகியநம்பி பிள்ளை, அரிசி மண்டி, அம்பாசமுத்திரம்.

பெயர் மாற்ற வேண்டாம். பாலாடை தேய்க்க வேண்டாம். வருகிறேன்.

பிச்சையா

11

சிவமயம்

ஆரியசாலை
1937 ஜனவரி 7, மாலை

சௌபாக்கியவதி மங்கலத்துக்கு மாமா எழுதுவது. நான் சுகம் என்று எழுதுவது வழக்கம். இன்று அதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. குழந்தையும் நீயும் சுகமாக இருங்கள்.

தந்தி கிடைத்திருக்கும். இந்தக் கடிதத்துக்கு வரிசை எண் போட முயன்றேன், முடியவில்லை. வந்தபடி எழுதுகிறேன்.

உன் கடிதம் காலை பத்து மணிக்கு வந்தது. சீட்டை முதலில் பார்த்தேன். என் பெயரை யாரோ தவறுதலாக எழுதிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். வயது மூன்று மாதம் என்பதைப் படித்த பிறகும் அப்படியே நினைத்தேன். பிறகு உன் கடிதத்தைப் படித்தேன். பிறகு மறுபடியும் சீட்டை.

மங்கலம், நீங்கள் இட்டது உன் தந்தையார் பெயர் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். ஆகஸ்டு மாதத்திலிருந்து வேறு எதையுமே நான் நினைக்கவில்லை. மாற்றச் சொன்னது அவர் பெயரை. ‘ஒரு கிழவர்’ என்று எழுதியது அவரை. பொருள் பொருந்தாது என்று எழுதியது, அழகு நிலைக்காது என்று ஒரு பக்கம் எழுதிக் கிழித்த பிறகு. அவர் பெயரை எழுதப் பேனா வரவில்லை என்றேன், மரியாதையால் அல்ல. நீ என் பெயரை எழுதாமல் இருந்தது மரியாதையால். இரண்டு பேரும் எழுதாமல் விட்டதில் இரண்டு கடிதமும் ஒன்றுபோல ஆகிவிட்டன.

உன் கல்யாணத்தன்று புரோகிதர் இரண்டு பெயரையும் உரக்கச் சொன்னபோது, அவர் பெயருக்கு எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். என் பெயருக்குப் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அன்று முதல் எனக்கு அவர் மேல் பொறாமை. அவர் குரல், மீசை, எனக்கு வண்டி அனுப்புகிறேன் என்று அவர் எழுதுகிற விதம், எல்லாவற்றின் மேலும். அவர் எனக்கு ஒரு தீங்கும் செய்ததில்லை. செய்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அந்த மனிதர் தலைப்பாகையைக் கழற்றிக்கொண்டு ஏழு வாசலில் நின்றாராம். நான் இங்கே உட்கார்ந்து மல்லி வாங்கக்கூடப் போகாமல் இருந்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். உன் புருஷன் கடிதம் வந்த அன்று, ஒருவேளை என் பெயராக இருக்குமோ என்று ஒரு கணம் தோன்றியது. உடனே அதை அடக்கிவிட்டேன். ஆசைப்பட்டு இல்லையென்று ஆவதைவிட இல்லையென்றே வைத்துக்கொள்வது எனக்குப் பழக்கம். முதல் கடிதத்தில் என் பெயர் வேண்டாம் என்று ஒரு பக்கம் எழுதியதும், நீங்கள் வேண்டும் என்று சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான். நீ அதைப் படித்திருக்கிறாய். எனக்குத்தான் நீ செய்ததைப் படிக்கத் தெரியவில்லை.

தந்தி ஆபீசில் கூட்டம். தாளை எழுதிக் கொடுத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பணம் வாங்குகிறவர் ஜன்னலிலிருந்து தலையை நீட்டி, “பிச்சையா! ஆரா பிச்சையா?” என்று சத்தம் போட்டார். எல்லாரும் திரும்பினார்கள். என் தாய் போன பிறகு என் பெயரை இப்படி யாரும் கூப்பிட்டதில்லை. நான் எழுந்து நின்று “ஹாஜர்” என்றேன். அவர் விழித்தார். ஒன்பது பேர் சிரித்தார்கள், எண்ணினேன். என் பேரன் பெயரும் அதுதான் என்று அவரிடம் சொன்னேன். அவர் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன். வருகிற வழியில் பகவதிப்பெருமாளிடமும் சொன்னேன். ஓமனாவிடமும் சொன்னேன். “ஆஹா, அப்பூப்பன்றெ பேரா!” என்றாள். அப்பூப்பன் என்றால் இங்கே தாத்தா.

ஞாயிற்றுக்கிழமை வண்டியில் கொல்லம், செங்கோட்டை வழியாக வருகிறேன். ஸ்டேஷனுக்கு வண்டி அனுப்பச் சொல். உன் தந்தையாரை நேரில் பார்த்துச் சொல்ல வேண்டியது இருக்கிறது. எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அவர் சிரித்துவிடுவார் என்று நினைக்கிறேன். சிரிக்கட்டும். நோட்டையும் கொண்டுவருகிறேன். அதில் என் பெயருக்கு நேராகப் பொருள் எழுதாமல் வெற்றிடமாக விட்டிருந்தேன். இப்போது ‘அம்பாசமுத்திரத்தில் ஏழு வீடு’ என்று எழுதியிருக்கிறேன்.

கடைசியாக ஒரு திருத்தம். என் ஜூன் மாதத்துக் கடிதத்தில் மூன்றாம் குறிப்பு, (இ). அழைக்க முடியாத பெயர் யாருக்கும் பயன்படாது என்று எழுதியிருந்தேன். அது தவறு. என் பிரதியில் அடித்துவிட்டேன். உன்னிடம் இருப்பதிலும் அடித்துவிடு.

பிச்சையா